அவிழ்க்கத் தெரியாத மந்திரவாதி

முதல் ஒத்திகையில் எனக்கு மீசை வரைந்துவிட்டு, டீச்சர் இரண்டடி பின்னுக்குப் போய் நின்று பார்த்தார். "இதுதான் மந்திரவாதியின்ட முகம்" என்றார். வகுப்பு சிரித்தது. கறுப்பாய், உயரமாய், கன்ன எலும்பு தெரிய இருந்த என்னை ஏன் அந்த வேடத்துக்குத் தெரிந்தெடுத்தார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாடகத்தில் அதிக வசனம் மந்திரவாதிக்குத்தான். அதனால் நான் மீசையை அழிக்காமலே வீட்டுக்குப் போனேன். வழியில் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் என் பாடசாலை அட்டையையும் மீசையையும் மாறிமாறிப் பார்த்தான். மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்துவிட்டு என்னை விட்டார்கள். பையைத் திறக்கச் சொல்லாமல் அவர்கள் என்னை விட்டது அந்த ஒரு நாள்தான்.

எங்கள் பெண்கள் பாடசாலையின் மேல்மாடி வகுப்புகளிலிருந்து துறைமுகம் தெரியும். சாம்பல் நிறக் கப்பல்கள் நிற்கும், அவற்றைச் சுற்றிச் சின்னப் படகுகள் ஓயாமல் ஓடும். தண்ணீருக்கு அடியால் யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று கடற்படை நினைத்த நேரத்தில் துறைமுகத்துக்குள் வெடி போடும். சத்தம் பெரிதாய்க் கேட்காது. காலடியில் தரை ஒரு தரம் அதிரும், கரும்பலகை ஆணியில் ஆடும், டீச்சரின் வெண்கட்டி நிற்கும், பிறகு எழுதும். இரவிலும் அதே அதிர்வுதான். அந்த வருடங்களில் நாங்கள் யாரும் ஓரிடத்தில் முழுதாய் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கதிரையின் நுனியில் இருந்தோம். சப்பாத்தைக் கழற்ற மாட்டோம். ஒரு பாடம் நடக்கும்போதே, இன்றைக்குப் பாதியில் விட்டால் எந்த வழியால் வீட்டுக்குப் போவது என்று ஒரு மூலையில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலின் வடத்தைக் கரைக்கு இழுத்து வருகிற படகில் போவார். அம்மா வெருகலில் வயற்காரக் குடும்பத்தில் பிறந்து, கலியாணம் முடித்து நகரத்தின் ஓரத்தில் இருக்கிற அன்புவழிபுரத்துக்கு வந்தவ. பாடசாலையின் தவணைச் சோதனை அறிக்கை வரும் நாளில் அப்பா குளித்து, சேர்ட் போட்டுக் கதிரையில் இருப்பார். அம்மா கையைத் துடைத்தபடி குசினி வாசலில் நிற்பா. நான் நடுவில் நின்று வாசிப்பேன். நான் என்ன சொன்னாலும் நம்பக்கூடிய ஆட்கள். ஆனாலும் ஒரு புள்ளியையும் நான் கூட்டி வாசித்ததில்லை. கூட்டுகிற தேவை பெரும்பாலும் இருக்கவுமில்லை. வகுப்பில் "ரெண்டாம் பிள்ளை" என்று வருகிற தவணைகளில் மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கும்.

நான் இரண்டாம் பிள்ளையாக வரும்போதெல்லாம் முதலாம் பிள்ளை அவள்தான். அவளுடைய அப்பா அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம், வீட்டில் அலுமாரி நிறையப் புத்தகம், நகரத்துக்குள்ளேயே வீடு. ஒரு தவணை அவள், ஒரு தவணை நான் என்று ஆறாம் வகுப்பிலிருந்து இழுபட்டுக்கொண்டு வந்தோம். எழுத்தில் நாங்கள் சரிக்குச் சரி. பேச்சில் அவளை யாராலும் வெல்ல ஏலாது. மேடையில் ஏறினால் குறிப்பு இல்லாமல் அருவி மாதிரிப் பேசுவாள். மேடையை விட்டு இறங்கினால் என்னைப் போலப் பேசுவாள்.

எனக்கு "இருக்கு" என்பது வாயில் "இரிக்கி" என்றுதான் வரும். கோபம் வந்தால் வசனத்தின் வாலில் "கா" வந்து ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் ஊர்ப் பேச்சு. இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில், எனக்குக் கேட்கிற தூரத்தில் நின்று, "என்னகா, கணக்கு முடிஞ்சிரிக்கா கா?" என்பாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அச்சு அசல் என் அம்மாவின் குரலாகவே இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது. வீட்டுக்குப் போய்க் கோழிக் கூட்டுக்கு முன்னால் நின்று "இருக்கிறது, இருக்கிறது" என்று சொல்லிப் பழகியிருக்கிறேன்.

நாடகத்தை டீச்சரே எழுதியிருந்தார். கடலோரத்தில் ஒரு குருவின் வீட்டில் இரண்டு பையன்கள் படிக்கிறார்கள். ஒருவன் தோணிக்காரன் மகன், மற்றவன் சிற்றரசன் மகன். தோணிக்காரன் மகனுக்குப் பாடம் சீக்கிரம் ஏறுகிறது. அது பொறுக்காமல் அரசன் மகன் எல்லோருக்கும் முன்னால் அவன் பேசுகிற மாதிரிப் பேசிப் பகிடி பண்ணுகிறான். ஒரு நாள் தோணிக்காரன் மகன், குரு தொடக்கூடாதென்று சொன்ன ஏட்டை எடுத்து, வாயைக் கட்டுகிற மந்திரத்தைப் பாடமாக்கி, மற்றவனின் வாயைக் கட்டிவிடுகிறான். அவிழ்க்கிற மந்திரம் இருந்த ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது. அன்று முதல் அவன் தான் ஊமையாக்கியவனுக்குப் பக்கத்திலேயே நின்று, அவன் நினைப்பதையெல்லாம் ஊகித்து, அவனுக்காகப் பேசுகிறான். அரசன் மகன் அரசனாகிறான். சபையில் சிலர் மந்திரவாதியை விசுவாசி என்கிறார்கள், சிலர் பேய் என்கிறார்கள். கடைசிக் காட்சியில் அரசனின் மனைவி காலில் விழுந்து அவிழ்த்துவிடக் கேட்கிறாள். மந்திரவாதி நிமிர்ந்து நின்று, "கட்டத் தெரியும். அவிழ்க்கத் தெரியாது" என்கிறான். திரை விழுகிறது.

அவனுக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று டீச்சரைக் கேட்டோம். "அதைச் சனம் யோசிக்கட்டும்" என்று விட்டுவிட்டார். நாங்கள் யோசித்தோம், அதாவது சண்டை பிடித்தோம். அரசன் மகனாக நடித்தவள் அவள்தான். அந்த மந்திரவாதி கெட்டவன் என்று அவள் அடித்துச் சொன்னாள். பகிடி பண்ணினதுக்காக ஒருவன்ட வாயையே கட்டுறதோ என்று கேட்டாள். பகிடி பண்ணுகிற வாயைத்தானே கட்டினவன், கையையோ காலையோ கட்டினவன் என்று நான் கேட்டேன். நாங்கள் யாரைப் பற்றிக் கதைக்கிறோம் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஒரு குறை இருந்தது. டீச்சர் எழுதியிருந்த மந்திரம் வெறும் "ஹ்ரீம், க்ரீம்". நான் அதைச் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையில் ஒருத்தி கிக்கிக்கென்று சிரிப்பாள். அந்தக் கிழமை அம்மாவின் தம்பி ஆஸ்பத்திரிக்குக் காட்ட வெருகலிலிருந்து வந்திருந்தார். அவர் வயற்காரர். நெற்கதிர் பால் பிடிக்கிற நாட்களில் கிளியும் எலியும் விழாமல் வயலுக்கு வாய்க்கட்டுச் செய்வார். வரம்பில் சிவப்பு நூல் சுற்றிய தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, வைத்து, வாய்க்குள்ளே எதையோ முணுமுணுப்பார். சுற்றுவட்டத்துச் சனம் தங்கள் வயலுக்கும் அவரையே கூப்பிடும். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். முழுவதையும் தரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். கடைசியில், கிளிக்குச் சொல்கிறதில் முன்பாதியை மட்டும் சொல்லித் தந்தார். நூலை எப்படிச் சுற்றுவது என்று காட்டினார். சொல்கிறவரும் கட்டுப்படுகிறவரும் தவிர மூன்றாவது காது கேட்டால் மந்திரம் செத்துவிடும், அதனால் காதுக்குள்தான் சொல்லவேண்டும் என்றார்.

"அப்ப அவிழ்க்கிறது எப்பிடி மாமா?" என்று கேட்டேன்.

"கிளிக்கு ஆருகா அவிழ்க்கிற?" என்று சிரித்தார். "வெள்ளாமை வெட்டி முடிய அது தானாப் போயிடும்."

நாடகப் போட்டி வேறொரு பாடசாலையில் நடக்க இருந்தது. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை காலை எங்கள் மண்டபத்தில் முழு ஒத்திகை வைத்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள், சில தாய்மார், பாடசாலை அதிபர் எல்லோரும் இருந்தார்கள். நான் சிவப்பு நூலைத் தேசிக்காயில் சுற்றி இறுக்கி, அவளுடைய கையில் வைத்து மூடினேன். குனிந்து அவளுடைய காதுக்குள் கிளி மந்திரத்தைச் சொன்னேன். அவளுக்குக் கூச்சம் வந்து தோள் நெளிந்தது. சரியாக அந்த நேரம் துறைமுகத்தில் வெடி போட்டார்கள். தரை அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை வீரிட்டு அழுதது. மண்டபம் அப்படியே உறைந்துபோனது. எந்த நாடகக்காரருக்கும் அப்படி ஒரு இடி கிடைத்திருக்காது. திரை விழுந்ததும் கைதட்டல் எனக்குத்தான் வந்தது. அவளுக்குக் கட்டு விழுந்த பிறகு வசனமே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருவரோடும் கதைக்காமல், கையில் அந்தத் தேசிக்காயோடு வீட்டுக்குப் போனாள்.

அன்று மத்தியானம் அவளுடைய வீடு இருந்த ஒழுங்கையில், போன் எடுக்கவும் பிரதி எடுக்கவும் போகிற கொமினிகேசன் கடை வைத்திருந்த ஒரு இளைஞரை வாகனத்தில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொழுதுபடுவதற்குள் செய்தி அன்புவழிபுரம் வரை வந்துவிட்டது. யார் ஏற்றினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. கதையைச் சொன்னவர்களும் அடுத்த வீட்டுக்காரர் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். நான் அந்தக் கடையில் பாடக்குறிப்புப் பிரதி எடுத்திருக்கிறேன். மிச்சக் காசில்லாவிட்டால் ரொபி இனிப்புத் தருவார். அவர் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். வரவு கூப்பிட்டபோது கையை உயர்த்தினாள், வாயைத் திறக்கவில்லை. டீச்சர் கேட்க, தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். இரண்டு மூன்று நாள் சளி என்று நினைத்தோம். பிறகு அவளுடைய தாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா. தொண்டையில் ஒரு பிழையும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. மருந்துக்குப் பிடிபடாதது வேறு என்னவாக இருக்கும்? வெள்ளிக்கிழமை மேடையில் நான் கட்டின பிறகு அவள் பேசிக் கேட்டவர் யாருமில்லை. அவளுடைய வீட்டு மேசையில் அந்தத் தேசிக்காய் நூலோடு அழுகாமல் இருக்கிறதாம். என் மாமா வெருகலில் பெரிய மந்திரக்காரராம். நான் மேடையில் சொன்னது டீச்சர் எழுதிய வசனம் இல்லையாம். எல்லாவற்றிலும் பாதிக்குப் பாதி உண்மை இருந்ததால் என்னால் எதையும் முழுதாய் மறுக்க முடியவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மேசையை இழுத்துக்கொண்டு தள்ளிப்போனாள். தண்ணீர்க் குழாயில் நான் குடித்தால் பிறகு ஒருவரும் குடிக்க வரமாட்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கண்டால் காதைப் பொத்தினார்கள். நாடகம் நின்றுபோனது. நான் விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே கூடின புள்ளி எடுத்தவள் என்பது ஒருவருக்கும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. எனக்குள் ஒரு நமைச்சல் இருந்துகொண்டே இருந்தது. வகுப்பிலும் இருக்க ஏலாது, வீட்டிலும் இருக்க ஏலாது. புத்தகத்தை விரித்தபடி அறைக்குள் நடந்துகொண்டே படித்தேன்.

பிறகு அதிபர் என்னைக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார். அவளுடைய தாய் வந்து அழுதிருக்கிறா, வேறு பெற்றாரும் வந்து போயிருக்கிறார்கள். கட்டினவர்தான் அவிழ்க்கவேண்டும் என்பது சனத்தின் நம்பிக்கை, அது சரியோ பிழையோ, நீர் ஒருக்கா அவர்கள் வீட்டுக்குப் போய் அவிழ்த்துவிட்டு வாரும் என்றார். சேர், அப்படி ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். அவர் யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம், பிள்ளை?" என்றார். "சோதினை வருது. நீர் அவிழ்க்காட்டி உம்மை இந்த வகுப்பில வைச்சிருக்க எனக்கு ஏலாது."

வீட்டில் சொன்னேன். போய் அவிழ்த்துவிட்டு வருவதுதானே, அதில் என்ன குறைந்துபோகும் என்று அம்மா கேட்டா. அம்மாவுக்கு நான் கட்டினேனோ இல்லையோ என்பது ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை. அப்பா கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு, "நாங்கள் படிச்ச ஆக்கள் இல்லை. நீ படிச்சனி. நீயே சொல்லு, என்ன செய்வம்" என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கமுடியவில்லை. அவர்கள் இருவரும் வேண்டாதவர்களாய் நிற்கிற ஒரு வாசலுக்குள் நான்தான் முதலில் போனவள். அங்கேயிருந்து சூனியக்காரி என்று என்னைத் தள்ளிவிட்டால், எங்கள் வீட்டில் இன்னொருவர் அந்த வாசலை எட்டிப் பார்க்க எத்தனை காலமாகும்?

அதனால் போவதென்று முடிவெடுத்தேன். எனக்கு ஒரு திட்டமும் இருந்தது. அவள் நடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். கைதட்டல் எனக்கு விழுந்ததால் இப்படி என்னைப் பழிவாங்குகிறாள். நான் எல்லோருக்கும் முன்னால் அவிழ்த்துவிட்டால் அவளுக்கு வேறு வழியில்லை, வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். பேசாமல் இருந்தால், டொக்டரும் சொல்லி, கட்டினவளும் அவிழ்த்த பிறகு ஏன் பேசவில்லை என்று சனம் அவளைத்தான் கேட்கும். எப்படிப் பார்த்தாலும் வெற்றி எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவோடு போனேன். அவர்களுடைய விறாந்தையில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே அயலவர் பெண்கள் நிறையப் பேர், நாடக டீச்சர், அதிபரின் மனைவி. வெளியே வேலிப் படலைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் நான் முன்பின் கண்டிராத ஒரு மனிதர் இருந்தார். மடிப்புக் கலையாத சேர்ட், கையில் தேத்தண்ணிக் கோப்பை. அவர் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரிருந்த பக்கம் ஒருவரும் பார்க்கவுமில்லை, ஆனால் எல்லோருக்கும் அவர் இருப்பது தெரிந்தது. நான் கடந்துபோகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்களோ தங்கச்சி அவிழ்க்கப் போறது?" என்று கேட்டார். நல்ல பண்பான குரல். "இண்டைக்குக் கதைப்பாவோ?"

"தெரியாது" என்றேன்.

"கதைக்கட்டும். நாங்களும் அதுக்குத்தான் வந்து வந்து பாத்திட்டுப் போறம். முந்தநாளும் வேற ஆக்கள் வந்து கேட்டிட்டுப் போனவையாம். எல்லாருக்கும் அவவில அக்கறை."

அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தா. எனக்கு அந்த மனிதரின் சிரிப்பு முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவளை நடுவில் பாயில் இருத்தியிருந்தார்கள். மெலிந்துபோயிருந்தாள். முன்னால் ஒரு தட்டத்தில் அந்தத் தேசிக்காய் இருந்தது. அது அழுகிக் கறுத்துத்தான் இருந்தது, அழுகவில்லை என்ற கதை பொய். அவளுடைய தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை உனக்கு என்ன செய்திருந்தாலும் மன்னித்துக்கொள், அவளுடைய பேச்சைத் திருப்பிக் கொடு என்று கேட்டா. ஒரு கச்சேரி உத்தியோகத்தரின் மனைவி எங்கள் அம்மாவுக்கு முன்னால் என்னிடம் அப்படிக் கேட்டா. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மூலை நிமிர்ந்தும் நின்றது.

மூன்றாவது காது கேட்கக்கூடாது என்று சொன்னேன். எல்லோரும் சுவரோடு ஒதுங்கினார்கள். நான் முழங்காலில் இருந்து தேசிக்காயைக் கையில் எடுத்தேன். குனிந்து என் வாயை அவளுடைய காதுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஏதாவது முணுமுணுப்போம் என்று மூச்சை எடுத்தேன். அதற்குள் அவள் தலையைக் கொஞ்சம் திருப்பினாள். அவளுடைய கூந்தல் எங்கள் இருவரின் முகத்தையும் மறைத்தது.

"அவிழ்க்காத" என்றாள். குரலே இல்லை, வெறும் மூச்சு.

நான் மந்திரம் சொல்கிற மாதிரி உதட்டை மட்டும் அசைத்தேன்.

"நான் கண்டனான். கடையடியில. கண்டது அவங்களுக்குத் தெரியும். கதைச்சா ரெண்டு பக்கமும் வந்து கேப்பாங்கள்." மூச்சு முட்டி நிறுத்தினாள். "அப்பா வேலை மாற்றம் கேட்டிருக்கிறார். அதுவரைக்கும் கட்டி வை."

"உன்ட அம்மாக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா அவவின்ட முகத்தில எழுதியிருக்கும்."

வெளியே கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. அந்த மனிதர் எழுந்து விறாந்தைக்கு வந்து யன்னலடியில் நின்றார். அவரை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை, சீமெந்துத் தரையில் விழுந்த நிழலைப் பார்த்தேன். என்ன கண்டாய் என்று அவளை நான் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பாயின் மறைவில் பிடித்திருந்தாள். நகம் தோலுக்குள் இறங்கியது.

ஆறாம் வகுப்பிலிருந்து நான் இவளை வெல்ல நினைத்தவள். இப்போது வெல்லலாம். தேசிக்காயிலிருந்து நூலைக் கழற்றிப் போட்டு, "அவிழ்ந்திட்டுது" என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் மேசை திரும்பக் கிடைக்கும், என் பெயர் திரும்பக் கிடைக்கும், அப்பா திரும்பவும் சேர்ட் போட்டுக் கதிரையில் இருப்பார். அதன் பிறகு பேசவேண்டியது அவளுடைய பாடு. யன்னலடியில் நிற்கிறவருக்குப் பதில் சொல்லவேண்டியதும் அவளுடைய பாடு.

நான் எழுந்தேன். நூலைக் கழற்றவில்லை. அதை இன்னொரு தரம் சுற்றி இறுக்கி, தேசிக்காயைத் தட்டத்தில் வைத்தேன். யன்னலுக்கும் கேட்கிற மாதிரி, மண்டபத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று டீச்சர் பழக்கிய அதே குரலில் சொன்னேன்.

"கட்டத் தெரியும். அவிழ்க்கத் தெரியாது."

நாடக டீச்சர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் எழுதிய வசனம். அவளுடைய தாய் என் கன்னத்தில் அறைந்தா. பிறகு தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதா. என் குலம் விளங்காது என்றா, நான் படித்த படிப்பு மண்ணாய்ப் போகும் என்றா. அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தா. படலையடியில் அந்த மனிதர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை. சலித்துப்போன முகம். வராத ஒரு பஸ்ஸுக்குக் காத்திருந்துவிட்டு நடக்கத் தொடங்குகிறவரின் முகம்.

அன்று பின்னேரம் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உண்மையா அவிழ்க்கத் தெரியாதோ?"

"தெரியாது அப்பா."

ஒரு புள்ளியும் கூட்டாத பதில். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

அதிபர் என்னைப் பாடசாலையை விட்டு நிறுத்தவில்லை. வகுப்பிலும் வைக்கவில்லை. சோதனை வரைக்கும் விஞ்ஞான கூடத்தின் பின்னறையில், உடைந்த தராசுகளுக்கும் ஒரு பல்லியைப் போட்டு வைத்த போத்தலுக்கும் நடுவில், தனியாக இருந்து படித்தேன். டீச்சர்மார் தங்களுடைய குறிப்புகளைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். நாடக டீச்சர் மட்டும் உள்ளே வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். ஒரு நாள் எனக்கு இலக்கணம் சொல்லித் தந்துகொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, "அந்த வசனத்தை நான் எழுதேக்க எனக்கு இவ்வளவு விளங்கேல்ல" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஊருக்குள் என் பெயர் நிலைத்துவிட்டது. சந்தையில் அம்மாவிடம் சிலர் மரக்கறி வாங்கும்போது பேரம் பேச மாட்டார்கள், சொன்ன விலையைத் தந்துவிட்டு ஓடுவார்கள். அம்மா அப்போதுதான் வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காயை விற்கத் தொடங்கியிருந்தா. "உன்ட சூனியத்தால வந்த ஒரே லாபம்" என்று சிரிப்பா. பேய் பிடித்தது என்று இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். நான் அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மாமா அறுவடை முடிந்து அரிசி கொண்டுவந்தபோது அம்மா அவரைப் பிடித்து ஏசினா. அவர் கைவிரித்தார். தான் தந்தது கிளிக்கு, அதுவும் பாதி, அது எப்படி ஒரு கச்சேரி உத்தியோகத்தரின் மகளில் பிடித்தது என்று அவரால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தார்.

அவளுடைய அப்பாவுக்கு மாற்றம் கிடைத்தது. சோதனைக்கு முன்பே அவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். போகும் நாள்வரை அவள் வாயைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு மனுசி சந்தையில் சொன்னா, அந்தப் பிள்ளை காய்ச்சலில் புலம்பும்போதுகூடச் சத்தம் வரவில்லையாம். நான் என் தராசுகளுக்கு நடுவில் இருந்து அதை நினைத்துப் பார்த்தேன். புலம்பும்போதும் பேசாமல் இருக்க எவ்வளவு பயம் வேண்டும்? அவளைவிட நன்றாக நடிக்க என்னால் ஏலாது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இப்போதும் கொஞ்சம் கஷ்டம்தான்.

அவள் இந்த நாட்டை விட்டுப் போய்ச் சில காலம் ஆகிறது. அதனால்தான் இதை எழுத முடிகிறது. அவளுடைய குடும்பத்தில் இங்கே இப்போது ஒருவரும் இல்லை. கடைக்கார இளைஞரின் தாய் மட்டும் இன்னும் அந்த ஒழுங்கையில் இருக்கிறா. நான் அந்த வழியால் போவதில்லை.

அந்த வருடம், பாடத்துக்குப் பாடம் ஏ, பி என்று சோதனை முடிவு வந்த கிழமையில், எங்கள் சந்தியில் இருந்த வேறொரு கொமினிகேசன் கடைக்கார அண்ணை வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து எனக்கு அழைப்பாம், பெயர் சொல்லவில்லையாம், திரும்ப எடுக்கிறார்களாம். ஓடினேன். கடையில் பிரதி எடுக்க வந்த மூன்று நான்கு பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் கொஞ்சம் ஒதுங்கினார்கள். மணி அடித்தது. ரிசீவரை எடுத்து "ஹலோ" என்றேன்.

மற்றப் பக்கத்தில் வாகனச் சத்தம். பிறகு மூச்சு. நான் காத்துக்கொண்டு நின்றேன். வைத்துவிட்டார்களோ என்று நினைத்த நேரம் அந்தக் குரல் வந்தது. என் அம்மாவின் குரல், அச்சு அசல்.

"என்னகா, எத்தினை ஏ எடுத்திரிக்காய் கா?"

குரல் வெளியே கேட்காமல் ரிசீவரைக் காதோடு அழுத்தினேன். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய பெயரைச் சொல்ல ஏலாது. பேசுகிறாய் என்று சொல்ல ஏலாது. நான் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன்.

"உன்னைவிட நான் ஒண்டு கூட" என்றாள். தன் சொந்தக் குரலில். பிறகு சிரித்தாள், வைத்துவிட்டாள்.

கடைக்கார அண்ணை யார் என்று கேட்டார். பிழையான நம்பர் என்றேன். பிழையான நம்பருக்கோ இவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்டார்.

"மற்றப் பக்கம் ஒருத்தரும் கதைக்கேல்ல அண்ணை" என்றேன்.

வீட்டுக்கு வேகவேகமாய் நடந்தேன். துறைமுகப் பக்கம் தரை ஒரு தரம் அதிர்ந்தது, நான் நிற்கவில்லை. ஒண்டு கூடவாம். அவள் கூட்டிச் சொன்னாளோ என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.